மார்லிஸ் ஹாபலா வீடு பார்க்க வருகிறாள்

டுலூத் நகரத்தின் மேற்குப் பக்கம் எந்த வீட்டு முற்றத்தில் வீட்டுத் தரகன் வெண்டல் ஸ்டென்பெர்க்கின் விற்பனைப் பலகை முளைத்தாலும், அடுத்த ஞாயிறு மதியம் அந்த வீட்டுக்கு எதிரே பழுப்பு நிறக் கார் ஒன்று வந்து நிற்கும். தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போன நல்ல கோட்டை மாற்றாமல், உதட்டுச் சாயம் கலையாமல், மார்லிஸ் ஹாபலா அதிலிருந்து இறங்குவாள். வீடு பார்க்க வந்தவர்கள் அவளையும் தங்களைப் போல ஒருத்தி என்றுதான் நினைப்பார்கள். ஜன்னல் வழியாக அவளைப் பார்த்துவிட்ட வெண்டலுக்கு மட்டும் முகம் சுண்டிப்போகும்.

அவள் எதையும் வாங்க வந்தவள் இல்லை. அவள் ஏற்கெனவே அவனிடம் ஒரு வீடு வாங்கியவள்.

அப்போது மார்லிஸுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. கணவன் ரெய்னோ, இரும்புத் தாது ஏற்றும் கப்பல்துறையில் மெக்கானிக். ஒரு பெண் குழந்தை, ஹெய்டி. மூன்று பேரும் மதுக்கடை ஒன்றின் மாடியில் வாடகைக்கு இருந்தார்கள். கீழே பாட்டுப் பெட்டி அலறினால் மேலே கட்டில் அதிரும். குடித்துவிட்டுப் படியில் உட்கார்ந்திருப்பவனைத் தாண்டித்தான் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும். சொந்த வீடு, சொந்த வாசல், ரெய்னோவின் அப்பா வீட்டில் இருந்தது போல, சூட்டில் உட்கார்ந்து வேர்க்க ஒரு சவுனா அறை. இதையே பேசிப் பேசி இருவருக்கும் நாக்கு வறண்டுபோயிருந்தது. அந்த ஏக்கத்தை வெண்டல் வாசற்படியிலேயே மோப்பம் பிடித்துவிட்டான்.

அவன் காட்டிய வீடு மலைச்சரிவில் இருந்தது. பிப்ரவரி மாதம், முற்றத்தில் இடுப்பளவு பனி. உள்ளே நுழைந்ததும் பட்டை மணக்க ரொட்டி வேகும் வாசனை. வெண்டல் வாசனை மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. சமையலறை ஜன்னலில் தூரத்து ஏரி, உறைந்துபோய், வெள்ளையாக.

"பேஸ்மென்ட்டையும் பாத்துடுங்க மேடம். இப்பதான் பளிச்சுனு வெள்ளை அடிச்சிருக்கு" என்று அவனே கூட்டிப்போனான்.

எதற்காக நிலவறைக்கு மட்டும் புதுச் சுண்ணாம்பு அடித்தார்கள் என்று மார்லிஸ் கேட்கவில்லை. சுத்தமாக இருக்கிறதே என்று மகிழ்ந்தாள். "இது ஹெய்டியோட ரூம்" என்றாள் ரெய்னோவிடம். ரெய்னோ மூலையைக் காட்டி, "இது சவுனா" என்றான்.

"வீட்டைச் சோதிக்க ஒரு ஆள் வைக்கணுமில்ல?" என்று ரெய்னோ கேட்டான்.

"அதுக்கெல்லாம் நீங்க ஏன் அலையணும்? நம்ம ஆள் ஒருத்தர் இருக்கார். நான் அனுப்பறேன்."

நம்ம ஆள் வந்தார், சுற்றினார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அவர் வெண்டலின் மச்சான். கூரையை அவர் பார்க்கவில்லை, பனி மூடியிருக்கிறதே! நிலவறையில் தரையைக் காலால் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான்.

"நாளைக்குக் காலைல இன்னொரு குடும்பம் வருது. டாக்டர் குடும்பம். உங்களைப் பிடிச்சுப்போச்சு, அதான் முதல்ல உங்ககிட்ட சொல்றேன்" என்றான் வெண்டல். அன்று மாலையே கையெழுத்துப் போட்டார்கள். மார்லிஸ் அழுதாள், சந்தோஷத்தில்.

ஏப்ரலில் பனி உருகியது. ஒரு விடியற்காலை ஹெய்டி கீழிருந்து கூப்பிட்டாள். கத்தவில்லை, ஆச்சரியமாகத்தான் கூப்பிட்டாள். "அம்மா, என் செருப்பு நீந்துது."

மார்லிஸ் பாதிப் படி இறங்கியதும் நின்றுவிட்டாள். மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் சுவரின் அடியில் சுரந்து, முழங்காலுக்கு நின்றது. கட்டிலின் மேல் குழந்தை முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புதுச் சுண்ணாம்பு தோல் உரிந்தது போலப் பெரிய பெரிய தகடாகச் சுவரைவிட்டு விழுந்துகொண்டிருந்தது. அதன் அடியில் பழைய தண்ணீர்க் கறை, வருஷத்துக்கு ஒன்றாக, ஒன்றன்மேல் ஒன்றாகக் கோடு கோடாக இருந்தது.

மார்லிஸ் இரண்டு பக்கெட்டுகளில் தண்ணீரை வாசலில் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு ஓல்கா பெட்ரிச் கையைப் பிசைந்துகொண்டு வந்து நின்றாள்.

"பக்கெட்டால ஆகாதும்மா. பம்பு வேணும். போன தடவை வெண்டலே பம்பு கொண்டாந்து இறைச்சான்."

மார்லிஸ் பக்கெட்டைக் கீழே வைத்தாள். "யாரு?"

"வெண்டல்தான். இந்த வீட்டுக் கிழவி செத்தப்புறம் சாவி அவன்கிட்டதானே இருந்துச்சு. வருஷா வருஷம் வர்ற தண்ணிதான். உனக்குத் தெரியாதா? வீடு பாக்க வந்தப்ப நீ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

கேட்டிருந்தால். தெருவைக் கடக்கப் பத்தடி. அந்தப் பத்தடியை மார்லிஸ் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை.

அன்று மாலையே அவள் வெண்டலின் அலுவலகத்துக்குப் போனாள். கால்சட்டை முட்டி வரை நனைந்திருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"தண்ணியா? பனி உருகறப்ப டுலூத்துல எந்தப் பேஸ்மென்ட்ல தண்ணி வரலைங்கறீங்க?"

"நீ பம்பு வெச்சு இறைச்சிருக்கே. ஓல்கா சொன்னா."

"ஓல்காவுக்குக் கண்ணு சரியில்ல. மேடம், உங்களுக்கு நான் வீட்டைக் காட்டினேன். நீங்க பாத்தீங்க. பிடிச்சிருக்குன்னீங்க. ஆனந்தக் கண்ணீரெல்லாம் விட்டீங்க, ஞாபகம் இருக்கா?" அவன் சிரித்தான். "வீடு வாங்கறவங்கதான் கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு வாங்கணும். அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

அந்தச் சிரிப்புதான். பணத்தை ஏமாற்றியதைக்கூட ஒரு காலத்தில் அவள் விட்டிருப்பாள். தன் அழுகையை எடுத்துத் தன் முகத்திலேயே அவன் விசிறியதை விடவில்லை.

வழக்கறிஞர் கையை விரித்தார். கிழவியின் வாரிசுகள் அந்த வீட்டில் குடியிருந்ததே இல்லை, அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தரகனுக்குத் தெரியும் என்று நிரூபிக்க ஓல்கா கோர்ட்டுக்கு வர வேண்டும். ஓல்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னைக் கூப்பிடாதேடி. என் மகனுக்கு அவன்தான் வீடு பாத்துக்கிட்டிருக்கான்" என்றாள்.

மே மாதம் சுவரில் கறுப்புப் பூஞ்சை பூத்தது. ஹெய்டியைத் தூக்கி வரவேற்பறை சோபாவில் படுக்க வைத்தார்கள். ஆனாலும் இருமல் நிற்கவில்லை. கோடையில் ஒரு நாள் மூச்சுத் திணறி உதடு நீலம் பாரித்தது. ஆஸ்துமா என்றார்கள். வீட்டை விற்றுவிட்டுப் போகவும் வழியில்லை. உண்மையைச் சொன்னால் யார் வாங்குவார்கள்? சொல்லாமல் விற்க மார்லிஸுக்கு மனம் வரவில்லை. "நானும் அவனாயிடணுமா?" என்றாள். கடன் வாங்கி வடிகால் வெட்டி, சுவரை உடைத்துக் கட்டினார்கள். ரெய்னோ ஆசைப்பட்ட சவுனா அதில் கரைந்துபோனது.

முதல் ஞாயிறு அவள் திட்டம் போட்டுப் போகவில்லை. தேவாலயம் முடிந்து வரும் வழியில் வெண்டலின் பலகையைப் பார்த்தாள். வாசல் திறந்திருந்தது. உள்ளே வயிறு தள்ளிய ஒரு பெண்ணும் அவள் கணவனும் சமையலறை அலமாரியைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த ஏக்கத்தை மார்லிஸ் எங்கேயோ பார்த்திருக்கிறாள். கண்ணாடியில்தான்.

"முதல் வீடா?" என்று கேட்டாள்.

"ஆமாங்க. எப்படித் தெரிஞ்சுது?"

"அலமாரியைப் பாக்கறீங்களே. அலமாரியை எப்ப வேணா மாத்திக்கலாம். கீழ போனீங்களா?"

மூவரும் கீழே போனார்கள். சுவரோரம் அட்டைப் பெட்டிகள் மார்பளவுக்கு அடுக்கியிருந்தன. மார்லிஸ் ஒன்றைத் தூக்கினாள். கனமே இல்லை, காலிப்பெட்டி.

"காலிப்பெட்டியை இவ்ளோ அழகா யாராவது அடுக்குவாங்களா, தம்பி? அதை நகத்துங்க."

பின்னால் தீக்குச்சி நுழையும் அளவுக்கு விரிசல் ஒன்று, மூலைக்கு மூலை ஓடியது. படியில் வெண்டலின் காலடி கேட்டது.

"மார்லிஸ், உங்களுக்கு இங்க என்ன வேலை?"

"நீதானே சொன்னே வெண்டல், கண்ணைத் திறந்து வெச்சுக்கணும்னு. திறந்து வெச்சிருக்கேன்."

அந்தத் தம்பதி வாங்கவில்லை. காரில் ஏறியபோது மார்லிஸின் நெஞ்சுக்குள் ஏதோ குளிர்ந்தது. அன்று இரவு, ஏப்ரலுக்குப் பிறகு முதல்முறையாக, அடித்துப்போட்டது போலத் தூங்கினாள்.

அதன்பிறகு ஞாயிறுகள் அவளுடையவையாயின. அவள் தனக்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தாள்: பொய் சொல்லக் கூடாது. நல்ல வீட்டை நல்ல வீடு என்றே சொல்வாள். அப்படிச் சொல்லும்போது வெண்டல் கூசிப்போவான், ஏனென்றால் அடுத்த வீட்டில் அவள் சொல்லப்போவதை ஊர் நம்பும். வீடு பார்க்க வருகிறவர்களிடம் அவள் போதனை செய்வதில்லை, கேள்விதான் கேட்பாள். "இங்க மட்டும் ஏன் பெயின்ட் புதுசா இருக்கு?" "மழை பெய்யறப்ப ஒரு தடவை வந்து பாத்தீங்களா?" "வேலைக்குப் போற நேரத்துல அந்த ரோட்டுல கார் ஓட்டிப் பாத்தீங்களா?" "பாங்க்ல கடன் தர்றேன்னு சொன்னதெல்லாம் உங்களால கட்ட முடியுமா, இல்ல தர்றாங்களேன்னு வாங்கறீங்களா? ஹீட்டர் ஜனவரில செத்துப்போனா கையில என்ன இருக்கும்?" "சோதிக்க வர்ற ஆள் யாரோட ஆள்?" கடைசியாக, எப்போதும், "பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்."

கிளினிக்கில் அவள் மேசையைத் தாண்டாமல் யாரும் பல்லைக் காட்ட முடியாது. வீடு தேடுகிறோம் என்று ஒருவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் போதும். வெண்டல் வேறு பல் மருத்துவரைத் தேடிக்கொண்டான். அவனுடைய மச்சான் வீடு சோதிக்கும் தொழிலை விட்டுவிட்டுப் படகு விற்கப் போனார்.

ஒருமுறை வெண்டல் காவல்துறையைக் கூப்பிட்டான். அந்த முறை அவள் வீட்டுக்குள் போகவில்லை. போகக் கூடாது என்று அவன் வக்கீல் கடிதம் அனுப்பியிருந்தான். நடைபாதையில் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்க்கில் காப்பியோடு உட்கார்ந்திருந்தாள். வந்த இளம் போலீஸ்காரன் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தான்.

"நடைபாதை பொதுவிடம், சார். அவங்க என்ன பண்றாங்க?"

"பேசறா!" என்றான் வெண்டல்.

"பேசினா என்ன சார்?" போலீஸ்காரன் அவனை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, மார்லிஸ் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நானும் என் பொண்டாட்டியும் கெனோஷா அவென்யூ பக்கம் ஒரு வீடு பாத்து வெச்சிருக்கோம். அடுத்த வாரம் வரமுடியுமா?"

ஊர் சிரித்தது. வெண்டல் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டில் எல்லாம் சிரிப்பாக இல்லை. "போதும் விடேன் மார்லிஸ்" என்று ரெய்னோ வருஷத்துக்கு ஒருமுறை சொல்வான். "சுவரைக் கட்டியாச்சு. தண்ணி நின்னாச்சு."

"சுவர்ல மட்டும்தான் நின்னுது."

ஹெய்டியின் பிறந்தநாள் ஒன்று ஞாயிற்றுக்கிழமை வந்தது. கேக் வெட்டிய கையோடு மார்லிஸ் கோட்டை எடுத்தாள். பெண் மூச்சுமருந்துக் குழாயை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "எனக்காகத்தான் பண்றேன்னு மட்டும் சொல்லாதம்மா. எனக்குப் பன்னெண்டு வயசு. அந்த ஆளோட மூஞ்சி எனக்கு ஞாபகம்கூட இல்ல" என்றாள். மார்லிஸ் கோட்டைப் போட்டுக்கொண்டாள். பிறகு போனாள்.

வருஷங்கள் போயின. வெண்டலிடம் வேலை பார்த்த இரண்டு பேர் தனியாகக் கடை போட்டார்கள். பலகைகள் குறைந்தன. முதுகு கூனி, முட்டி வலித்து, கடைசியில் அவன் தொழிலை மூடினான். அவன் நட்ட கடைசிப் பலகை அவன் சொந்த வீட்டு முற்றத்தில். மலையுச்சியில், ஏரியைப் பார்த்த, கல் கட்டிய வீடு.

கிளினிக்கில் பல் சுத்தம் செய்யும் ஷானனும் அவள் கணவன் டுவேனும்தான் அதைக் கேட்டிருந்தார்கள். "மார்லிஸ், நீங்க கூட வரணும்" என்றாள் ஷானன். யாருடைய வீடு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவள் கண் மின்னியது.

கதவைத் திறந்த வெண்டல் கைப்பிடியை விடாமல் நின்றான்.

"எங்ககூட வந்தவங்க" என்றாள் ஷானன்.

அவன் வழிவிட்டான். வேறு என்ன செய்வான்? வீடு விற்க வேண்டும்.

அந்த மதியத்துக்காகத்தான் தான் இத்தனை வருஷம் வீடு பார்க்கக் கற்றுக்கொண்டோமோ என்று மார்லிஸுக்குத் தோன்றியது. அவசரமே படவில்லை. நிலவறைச் சுவரோரம் இருந்த விறகை எடுக்கச் சொன்னாள். டுவேன் குனியப் போனான். "வேணாம் தம்பி, உங்களுக்கு எது எங்கன்னு தெரியாது. வீட்டுக்காரர் எடுப்பார்" என்றாள். வெண்டல் முட்டி போட்டு, ஒவ்வொரு கட்டையாக எடுத்தான். அவன் மூச்சு வாங்கி இருமுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இருமல் சத்தம் அவளுக்குப் பழக்கமானதுதான். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னாள். பரணுக்கு ஏணி வைக்கச் சொன்னாள். ஹீட்டரைப் போட்டுவிட்டு அது சூடாகும் வரை யாரும் பேசாமல் நிற்கும்படி செய்தாள்.

சுவர் காய்ந்திருந்தது. கூரை உறுதியாக இருந்தது. மின்பெட்டி புதுசு. அவள் கையால் தடவினாள், முகர்ந்தாள், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். ஒரு குறை, ஒரே ஒரு குறை கிடைக்காதா என்று வயிறு எரிந்தது. ஊருக்கெல்லாம் ஓட்டை வீட்டை விற்றவன், தான் குடியிருக்க மட்டும் ஊரிலேயே நல்ல வீடாகப் பொறுக்கியிருக்கிறான். அதுதான் எல்லாவற்றையும்விடச் சுட்டது.

சமையலறையில் வெண்டலின் மனைவி லோரீன் ஷானனுக்குக் காப்பி ஊற்றியபடி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். "அரிசோனால வீடு வாங்கிட்டோம்மா. வாசல்ல எலுமிச்சை மரம். ரெண்டு வீட்டுக்கும் கட்டறது உயிர் போகுது. இந்த மாசக் கடைசில சாமானெல்லாம் லாரில ஏத்தணும்..."

"லோரீன்" என்றான் வெண்டல், படியிலிருந்து.

அவள் வாயை மூடினாள். மார்லிஸ் அவனுக்குப் பின்னால் மெதுவாக ஏறி வந்தாள்.

"சொல்லு" என்றான் அவன். குரல் உடைந்தது. "என்ன சொல்லப்போறியோ சொல்லித் தொலை."

"நல்ல வீடு" என்றாள் மார்லிஸ், ஷானனைப் பார்த்து. "ஒரு சொட்டுத் தண்ணி வராது. தைரியமா வாங்கலாம்."

வெண்டல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நன்றி என்று சொல்ல வாயெடுத்தவன் போல இருந்தான்.

"ஆனா அவர் சொல்ற விலையைக் காதுலயே போட்டுக்காதீங்க" என்றாள் அவள், அதே குரலில். "வீடு விக்கறவங்களுக்கு எவ்ளோ அவசரம்னு தெரிஞ்சுக்கிட்டுதான் விலை பேசணும். உங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல. இப்ப இருக்கற வாடகை வீட்டு லீஸ் அடுத்த வருஷம் வரைக்கும் இருக்கு. இவங்க ரெண்டு வீட்டைக் கட்டிக்கிட்டு அழறாங்க, லாரிக்குச் சொல்லியாச்சு. குறைச்சுக் கேளுங்க. முடியாதும்பார். எழுந்து வந்துடுங்க. பின்னாலயே கூப்பிடுவார்."

"என் வீட்டுல நின்னுக்கிட்டு..." லோரீனுக்குக் கண்ணீர் முட்டியது. "உனக்கு மனசாட்சியே இல்லையா? இந்த மனுஷனோட பாதி ஆயுசைத் தின்னுட்டியே!"

மார்லிஸ் அவளைப் பார்த்தாள். "என் பொண்ணு கட்டில் மேல உட்காந்திருந்தா லோரீன். சுத்தித் தண்ணி. ஏழு வயசு. இவருக்கு முன்னாடியே தெரியும்."

லோரீன் கணவன் பக்கம் திரும்பினாள். அவளுக்கு அது தெரியாது என்று அந்தத் திரும்பலிலேயே தெரிந்தது. வெண்டல் தலையைத் தூக்கவில்லை.

"தப்புதான்" என்றான் தரையைப் பார்த்து. "தப்புன்னு சொல்லிட்டேன். போதுமா?"

"போதாது" என்றாள் மார்லிஸ். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

ஷானனும் டுவேனும் குறைத்துக் கேட்டார்கள். அவன் முடியாது என்றான். எழுந்து வந்தார்கள். காருக்கு வருவதற்குள் கூப்பிட்டான்.

அடுத்த வருஷம் ஹெய்டி மினியாபொலிஸில் சொந்தமாக வீடு வாங்கினாள். கையெழுத்தெல்லாம் போட்டு முடித்த பிறகுதான் அம்மாவுக்குப் போன் செய்தாள். "ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி? நான் வந்து பாத்திருக்க மாட்டேனா?"

"அதுக்குத்தான்மா சொல்லல."

போய்ப் பார்த்தார்கள். மூன்றாவது மாடியில் சின்ன ஃபிளாட். சாவியைத் திருப்பியபடி ஹெய்டி சொன்னாள், "இதுக்குப் பேஸ்மென்ட் கிடையாது. தேடாதே." ரெய்னோ வாய்விட்டுச் சிரித்தான். மார்லிஸ் சிரிக்க முயன்று, முடியாமல், பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் அவள் கண் கூரை மூலையில் இருந்த ஒரு கறையில் போய் நின்றுவிட்டது.

"மேல்வீட்டுக்காரங்களோட பழைய கறை. சரி பண்ணிட்டாங்க. நான் போய்க் கதவைத் தட்டிக் கேட்டேன்" என்றாள் ஹெய்டி.

மார்லிஸ் சோபாவில் உட்கார்ந்தாள்.

திரும்பி வரும்போது ரெய்னோ காரை ஓட்டிக்கொண்டே கேட்டான், "இப்பவாவது ஆறுச்சா?"

"அவன் போன அரிசோனால மழையே பெய்யாதாமே."

"ஆமா, பாலைவனம். வீட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வராது."

"அதான்" என்றாள் மார்லிஸ், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. "அதை நினைச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது."